நாலாவது இன்னும் விடவில்லை

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு, இரண்டாம் மாடி,
ராத்திரி ஒன்றே கால்.
ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று; அதைப் பங்குபோட்டு
நாலு சர்வர்கள் படிக்கும், எழுதும்.
ஒன்று எழுதும் இடத்தில் இன்னொன்று கை வைக்காமல்
பூட்டு கேட்டு, பூட்டு கொடுத்து
மூன்று வருஷமாய் ஓடிற்று.
எங்கள் தெருத் தண்ணி லாரி வரிசையில்
இப்படி ஒரு நாள்கூட நடந்ததில்லை.

சாயங்காலம் கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.
பிறகு எடைச்சீட்டுகளைத் திறந்தால்
பாதி பெயர்கள், பாதி கேள்விக்குறிகள்.

போனில் குலசேகர் சார்:
'ஓடிக்கிட்டே இருக்கட்டும் ரெஜினா, அப்படியே சரிபண்ணிடு.
எண்ணூர் ரோடு வரைக்கும் ட்ரெய்லர் நிக்குது.'
ஓடுற கிரைண்டர்ல கல் கொத்த முடியாது சார் என்றேன்.
கொஞ்ச நேரம் அவர் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும்.

பழுதுபார்க்கும் நிரல் எந்தப் பூட்டையும் கேட்காது.
வீட்டில் வேறு யாரும் இல்லை என்று நம்பி
சுவரை இடிக்கும், கட்டும்.
யாரும் இல்லை என்று அதற்குச் சொல்ல வேண்டியவள் நான்.
அந்த நேரம் பார்த்து ஒரு சர்வர்
தன் பழைய ஞாபகத்திலிருந்து ஒரு வரி எழுதினால் போதும்,
ஒட்டியதும் போகும், உடையாததும் போகும்.

பில்லிங் உடனே விட்டது.
கஸ்டம்ஸ் சர்வரில் யாரோ ஒரு பட்டியலைத் திறந்தபடி
வீட்டுக்குப் போயிருந்தார்கள்; மூடினேன், விட்டது.
பேக்கப்பும் விட்டது.
நாலாவது, கேட்டில், எடைமேடைக் கேபினில்.
திரையில் அதைக் காணோம்.
காணோம் என்பது வேறு, இல்லை என்பது வேறு.
ஸ்டோரேஜ் பெட்டியில் அதன் பச்சை விளக்கு
எரிந்துகொண்டே இருந்தது.
இங்கிருந்தே அதன் கரண்டை வெட்டப் பார்த்தேன்;
கட்டளை போனது, பதில் வரவில்லை.

இறங்கி நடந்தேன்.
ட்ரெய்லர்களுக்கு அடியில் தூங்குகிறவர்கள்.
மணலிக் காற்றின் அழுகின முட்டை நாற்றம்,
அதன்மேல் யாருடைய ஸ்டவ்விலோ ரசம்.
கேபினில் தேசப்பன்:
'எட்டு மணிலேர்ந்து ஸ்க்ரீன் மரமாட்டம் நிக்குதுக்கா.
இன்னா அமுக்கினாலும் அசையல.
நோட்ல எய்திக்கினு கீறேன்.'
'இதை அணைக்கப் போறேன்.'
'மேடைல ஒரு வண்டி கீதே.'
'அதையும் நோட்ல எழுது.'
குனிந்து, வயரைக் கையாலேயே பிடுங்கினேன்.

மாடிக்குப் போன் போட்டு
காவலுக்கு இருந்த லாசரைப் பார்க்கச் சொன்னேன்.
'பச்சை விளக்கு அணைஞ்சுடுச்சு மேடம்.'
'இன்னொரு தரம் பாருங்க.'
'அணைஞ்சுடுச்சு.'

முதல் சோதனை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு:
திருத்தவா என்று நிரல் கேட்கிற ஒவ்வொன்றுக்கும்
வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.
நாற்பத்தியொரு கோளாறு.
அடுத்து, உடைந்தது உடைந்தபடியே ஒரு நகல்.
அதற்கு இரண்டு மணி நேரம்.
ஜன்னலில் ரிஃபைனரிச் சுடர்;
குலசேகர் சாரின் நாலு அழைப்புகள்.
நகல் முடிந்த பிறகுதான் 'சரி' என்று அடித்தேன்.

எந்த அறைக்கும் சொந்தமில்லாத துண்டுகளை
ஓரமாய் ஒரு பெட்டியில் போட்டு வைத்தது நிரல்.
பதினோரு துண்டு. பெயர் இல்லை,
ஒவ்வொன்றிலும் ஒரு எடை மட்டும்.
இருபத்துமூவாயிரத்து நானூற்று அறுபது.
முப்பத்தோராயிரத்து எண்பது.
தேசப்பன் நோட்டை விரித்தேன்.
திரை உறைவதற்கு முன்னாலேயே,
கரண்ட் முதல் தரம் போனபோதே,
யாரும் சொல்லாமல் பேனாவை எடுத்திருக்கிறான்.
பத்துக்கு வண்டி நம்பர் கிடைத்தது.
பதினெட்டாயிரத்து இருபதுக்குக் கிடைக்கவில்லை.
ஊகித்து ஒரு பெயர் வைக்கலாம்தான். வைக்கவில்லை.

மறுபடி ஒரு சோதனை. சுத்தம்.
முதலில் ஒரே ஒரு சர்வரை மட்டும் சேர்த்து
அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது.
கேட்டில் வயரைச் செருகியபோது விடிந்திருந்தது,
ட்ரெய்லர்கள் ஒவ்வொன்றாய் இருமின.

'நோட்டைக் குடுக்கா,' என்றான் தேசப்பன்.
'முன்னாடி பக்கத்துல பால் கணக்கு கீது.'